பத்து சதவீதத் தைரியம்

அவர் டீ குடிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அலுவலக கேன்டீனில் ஒரு டீ வாங்குவார், கூடவே ஒரு காலி டம்ளரும் கேட்டு வாங்குவார். டீயில் சரிபாதியைக் காலி டம்ளருக்கு மாற்றி, இரண்டையும் மேசையின் இரண்டு ஓரங்களில் வைப்பார். "ஒண்ணு கை தட்டிக் கொட்டிப் போனாலும் இன்னொண்ணு இருக்குமில்லீங்க" என்பார். எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட அவர் கை தட்டி எந்த டம்ளரும் கவிழ்ந்ததில்லை. இரண்டு டீயும் ஆறிப்போனதுதான் கண்ட பலன்.

நேரில் அவரை சார் என்போம். முதுகுக்குப் பின்னால் சதவீதம். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். சிறுசேரியில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தார். அப்போதே ஐம்பதைத் தொட்டிருப்பார். எங்களைப் போலவே அவரும் செங்கல்பட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். காலை ஆறு ஐம்பதுக்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, திருப்போரூர் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் நாங்கள் எல்லாம் ஒரே கூட்டம். பஸ்ஸில் அவருக்கு நடு சீட்டு. முன்னால் உட்கார்ந்தால் மோதல், பின்னால் உட்கார்ந்தால் குலுக்கல் என்று கணக்குப் போட்டு ஆறாவது வரிசையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே உட்கார்ந்ததும் முன்சீட்டின் முதுகில் இருக்கும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். சிறுசேரி வரும்வரை விடமாட்டார்.

அவர் பையில் குடை இரண்டு, பேனா இரண்டு, வீட்டுச் சாவி இரண்டு. குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போனால் அவரும் மகனும் ரயிலில், மனைவியும் மகளும் பஸ்ஸில். திரும்பி வரும்போது ஜோடி மாறும். ஒருநாள் பின்சீட்டு பாபு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான்: "சார், எல்லாத்துலயும் ரெண்டு வெச்சிருக்கீங்க. சம்சாரம் மட்டும் ஒண்ணுதானா?"

பஸ் மொத்தமும் சிரித்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுல பிரிச்சுப் போட வழியில்லீங்களே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. கேலி செய்கிறோம் என்பதே அவருக்குப் புரியவில்லை. புரியாத ஆளைக் கேலி செய்வதில் என்ன சுவை? இருந்தாலும் நாங்கள் விடவில்லை.

ஜனவரி பிறந்தால் அவருக்குத் திருவிழா. வருமானவரிக்காக எல்லோரும் சேமிப்புக் காகிதங்களை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வெச்சிருக்கீங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுப்பார். அவரே தட்டச்சு செய்த பன்னிரண்டு கேள்விகள். அதற்கு நாம் சொல்லும் பதிலை வைத்து, நம் பணத்தில் ஷேர் மார்க்கெட் ஃபண்டில் எத்தனை சதவீதம், பாங்கு டெபாசிட்டில் எத்தனை, தங்கத்தில் எத்தனை என்று பிரித்துக் கொடுப்பார். இதில் அவருக்குக் கமிஷன் ஒரு பைசா கிடையாது. கிடையாது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இலவசமாக ஒருத்தன் நல்லது சொன்னால் அவனுக்குக் கிறுக்கு, இல்லையென்றால் கள்ளம். நாங்கள் அவருக்கு இரண்டையும் பாதிப் பாதி கொடுத்திருந்தோம்.

"எவ்வளவு வரும்னு எல்லாருமே கேக்கறாங்க. எவ்வளவு போனா உங்களுக்குச் சோறு இறங்காதுங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்த மனிதர் செய்த ஒரு மகா தவறு, இதையெல்லாம் ஓடும் பஸ்ஸில் உரக்கக் கேட்டதுதான். எஞ்சின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று கத்துவார். "ஏழாவது கேள்விங்க! உங்க பணம் ஒரே மாசத்துல இருவது சதவீதம் விழுந்துபோச்சு! என்ன பண்ணுவீங்க? அ, எல்லாத்தையும் வித்துருவேன்! ஆ, பாதியை விப்பேன்! இ, சும்மா இருப்பேன்! ஈ, இன்னும் வாங்குவேன்!"

நாற்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த ஆண்பிள்ளை "அ" என்று சொல்வான்? பக்கத்து வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் வேறு. கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுகிறவன்கூட "ஈ" என்று கர்ஜித்தான். ஒரு ஜனவரி முழுக்க ஒவ்வொருவராகக் கேட்டார். எங்கள் பஸ்ஸில் முப்பத்தெட்டுச் சிங்கங்கள் இருப்பது தெரியவந்தது.

"அப்ப உங்களுக்கு எவ்வளவு சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"எனக்குப் பத்துங்க. பத்து சதவீதம் ஷேர்ல, மத்ததெல்லாம் டெபாசிட்டும் போஸ்ட் ஆபீசும். நான் பயந்தாங்கொள்ளிங்க. மார்க்கெட் விழுந்தா எனக்கு வயிறு கலங்கிப்போயிரும்" என்றார். கம்பியை விடாமல், நாற்பது பேர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார்.

எனக்கு அசிங்கமாக இருந்தது. இப்படியா ஒரு மனிதன் தன்னைத் தானே பொதுவில் தெருவுக்கு இழுப்பான்? பயந்தாங்கொள்ளியிடம் போய் பணத்துக்கு யோசனை கேட்பது நீச்சல் தெரியாதவனிடம் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிற மாதிரி என்று பாபுவின் காதில் சொன்னேன். பாபு அதை பஸ் முழுக்கச் சொன்னான்.

என் முறை வந்தபோது என்னிடம் பணம் இருந்தது. என் பணம் இல்லை. என் மனைவி செல்விக்குப் படாளத்தில் அவள் அப்பா விட்டுப்போன வயலில் ஒரு பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் விற்கத் தீர்மானித்ததும் இவளும் கையெழுத்துப் போட்டாள். பங்காக வந்தது பன்னிரண்டு லட்சம். காசோலையை என் கையில் கொடுத்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நெலத்தை வித்த துட்டுங்க இது. திரும்பி நெலமாத்தான் ஆவணும். பத்து வருஷம் ஆனாலும் பரவால்ல, செங்கல்பட்டுல என் பேர்ல ஒரு வூடு. வேற எதுக்கும் இதுல கை வெக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காசோலை என் கணக்கில் ஏறியது.

சார் ஏழாவது கேள்வியைக் கத்தினார். நான் எழுந்து நின்று, பஸ்ஸைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, "ஈ! விழுந்தா அது தள்ளுபடி விலை சார், அள்ளிக்கிட்டு வரணும்!" என்றேன். கைதட்டல். சார் தாளில் கூட்டிப் பார்த்து, "பதிலைப் பாத்தா உங்களுக்கு எண்பது வருதுங்க" என்றார். எண்பது! அன்று முழுக்க ஏதோ பதவி உயர்வு வந்தது மாதிரி நடந்தேன்.

இந்த மகிழ்ச்சியில் மண்ணைப் போட்டது டிரைவர் கன்னியப்பன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். படகு ஓட்டும் பரம்பரை என்பதாலோ என்னவோ, எதிரில் வருகிற வண்டியை அலை மாதிரி நினைத்து அதன் மேலேயே போவார். திருப்போரூர் சாலையில் காடு தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் மூச்சுவாங்கிக்கொண்டு போகும். அவற்றை அந்த வளைவில்தான் முந்துவேன் என்று கன்னியப்பன் யாரிடமோ சபதம் செய்திருந்தார்.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் சாரைக் கூப்பிட்டார்.

"சார், நீ இன்னாத்துக்கு பேப்பர்ல எயுதி எயுதிக் கேட்டுகினு கீறே? என் கண்ணாடில வந்து பாரு. ஓவர்டேக் எடுக்க சொல்லோ எவன் எவன் கம்பியப் புடிக்கிறான்னு அப்பிடியே தெரியுது. வாயி ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு பண்ணும். இந்தா, நம்ம எண்பது அண்ணாத்த கீறாரே, அவரு தொங்கிக்கினே வராரு. பாபு கண்ணை மூடிக்கிறாரு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். சதவீதம் அல்லவா! மறுநாளே, பல வருடமாக உட்கார்ந்திருந்த ஆறாவது வரிசையை விட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி மேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கையால் ஜன்னல் கம்பி, இன்னொரு கையால் பேனா, முட்டியில் நோட்டு. வளைவு வந்ததும் கண்ணாடியைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பயத்தில் அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. டிப்பர் லாரி நேர் எதிரே வரும்போது இந்த மனிதர் பின்னால் நாற்பது பேர் கையைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். பத்து நாள் அப்படி எழுதினார். அப்புறம் தன் பழைய சீட்டுக்கே திரும்பிவிட்டார்.

பதினோராம் நாள் என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பத்து நாள்ல பத்து நாளும் ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கறீங்க. மூணு நாள் கண்ணும் மூடியிருக்குதுங்க. உங்களுக்கு எண்பது ஆகாது. இருவது, மிஞ்சிப்போனா இருவத்தஞ்சு."

இதையும் கத்தித்தான் சொன்னார்.

பஸ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பாபு விசில் அடித்தான், தன் கண்ணைப் பற்றி வெளியே வராத நிம்மதியில். எனக்குக் காது மடல் வரை சுட்டது. "சார், பஸ் ஓட்டறதுக்கும் பண விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்? உங்க பத்தை நீங்க வெச்சுக்குங்க" என்று கத்திவிட்டு, அன்று மதியமே பன்னிரண்டு லட்சத்தில் எண்பது சதவீதத்தைக் கொண்டுபோய் ஷேர் ஃபண்டில் போட்டேன். நான் முதலீடு செய்ததற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது. வீராப்பு. அவ்வளவுதான்.

அந்த வருடம் அலுவலகக் குடும்ப நாளை மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் வைத்தார்கள். அதே பஸ், அதே கன்னியப்பன், ஆளுக்கு ஒரு குடும்பம். சார் மட்டும் தனியாக வந்திருந்தார். அவர் மனைவி மக்கள் பின்னால் அரசு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே வண்டியில் எப்படி எல்லோரும் வருவார்கள்?

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கன்னியப்பன் ஒரு கரும்பு டிராக்டரை முந்தினார். எதிரே தண்ணீர் லாரி. பஸ்ஸே ஒரு குரலாக அலறியது. நான் வழக்கம்போலக் கம்பியில் தொங்கினேன், மகளை விட்டுவிட்டு. செல்வி மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. உரித்து உரித்து மகள் வாயில் போட்டுக்கொண்டு வந்தாள். லாரி உரசாமல் போனதும், பஸ் குலுங்கி நின்றதும், அவள் முன்பக்கம் பார்த்துச் சொன்னது இது மட்டும்தான்:

"இன்னாண்ணா நீ, பாத்து ஓட்டக்கூடாதா? கடலை கொட்டிப்போச்சு பாரு."

கன்னியப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், இந்தம்மாவ எயுதிக்க!" என்று கூவினார். சார் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் சார் தன் குடும்பத்தைப் பாதிப் பாதியாக அலையில் கால் நனைக்க விட்டுக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் கரையேறிய பிறகுதான் மகனுக்கு அனுமதி. அந்த வேலைக்கு நடுவே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க போட்டிருக்கற பணம் யாரோடதுங்க?"

"வீட்டுப் பணம்தான்."

"வீட்டுல யாரோடதுங்க?"

"அவளோடது. நிலம் வித்தது."

"அப்ப ஃபாரம் அவங்களுக்கல்ல போட்டிருக்கோணும்? ஆளை மாத்திக் கேட்டுப்போட்டேனே!" என்றார். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார். தப்பு அவருடையது என்றே நினைத்துக்கொண்டார், பாவம். நான் என்ன செய்தேன்? "அவளுக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுக்கப் போய்விட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு மாதம் கழித்து மார்க்கெட் விழுந்தது. சும்மா தடுக்கி விழவில்லை, கிணற்றில் விழுந்தது. முதல் வாரம் பஸ்ஸில் நான்தான் தலைவன். "தள்ளுபடி ஆரம்பிச்சிடுச்சு!" என்றேன். இரண்டாவது வாரம் பேச்சைக் குறைத்தேன். மூன்றாவது வாரம் பஸ்ஸில் யாருமே பேசவில்லை. முப்பத்தெட்டுச் சிங்கங்களும் ஆளுக்கொரு செல்போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தன. சார் மட்டும் எப்போதும் போல இருந்தார். அவருக்கென்ன, பத்து சதவீதம். வயிறு கலங்குகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு தன் இரண்டு டம்ளர் டீயைக் குடித்தார்.

நான் பாத்ரூமில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். வெளியே மகள் கதவைத் தட்டுவாள். எட்டு லட்சம். ஏழே முக்கால். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விழுங்கினேன். வளைவு வராத இடத்தில்கூட பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஷேர் ஃபண்டில் போட்ட ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் ஆறரையாக ஆன அன்று, அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் விற்றேன். ஏழாவது கேள்வி, விடை அ. தனியாக, யாரும் கேட்காத இடத்தில்.

செல்வியிடம் சொல்லவில்லை. பாபுவிடம், "நான் இன்னும் வாங்கிட்டிருக்கேன்" என்றேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

மறுநாள் காலை. வளைவு. ஒரு டிப்பரை முந்தும்போது இன்னொரு டிப்பர் எதிரே. எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. கை மடியில் கிடந்தது. எனக்கே அது தெரியாது.

"இன்னா அண்ணாத்த, தைரியம் வந்துடுச்சா?" என்று முன்னாலிருந்து கன்னியப்பன் சிரித்தார்.

சார் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தார். ஓடும் பஸ்ஸில் எழுந்து நின்று அறியாத மனிதர், ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து என் வரிசைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றுதான் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"எப்ப வித்தீங்க?"

"யாரு சொன்னது?"

"ஒரு மாசமா அந்தக் கம்பியை நெளிச்சுக்கிட்டு வந்தீங்க. இன்னிக்குத் தொடவே இல்லீங்களே." என் கம்பியை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாபு பார்த்துவிடுவானோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிறுசேரி வரும்வரை அவர் என் கம்பியை விடவில்லை. இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை சொல்லிருங்க. தள்ளிப்போட்டா அதுக்கும் வட்டி ஏறும்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லவும் கணக்கு வழக்கில்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி முற்றத்தில் சங்கரா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அருவாமனை இருக்கும் தூரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எவ்ளோ போச்சு?"

"மூணு."

"மூவாயிரமா?"

"லட்சம்."

அவள் கை நின்றது. பிறகு அந்த மீனை முழுதாகச் சீவி முடித்தாள். அடுத்த மீனை எடுத்தாள். ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டாளா என்றிருந்தது.

"ஷேர்ல போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. யாரக் கேட்டு வித்தீங்க?" என்றாள். "எங்க ஊரு ஏரி ஒடைஞ்சு நெல்லு தண்ணில நின்னுகினு கெடந்த வருஷம் எங்கப்பா வயலை வித்தாரா? தண்ணி வடியற வரைக்கும் கரையில குந்திகினு பீடி புடிச்சாரு. மறு வருஷம் நட்டாரு. எம் பணம்னு தெரியுமில்ல? ஒரு வார்த்த கேக்கக்கூடாது?"

அழுதாள் அப்புறம். மீன் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த மூன்று லட்சத்தில் அவளுடைய வீட்டின் ஒரு அறை போயிருந்தது. சமையலறையாக இருக்கலாம். முன்னறையாகவும் இருக்கலாம். குழம்பு கொதிக்கும்போது கரண்டியோடு வெளியே வந்து, "அந்த சாராண்ட ஏதோ பேப்பரு கீதுன்னு சொன்னீங்களே, வாங்கியாங்க" என்றாள்.

வாங்கி வந்தேன். அவள் அதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு நிரப்பினாள். மடித்து, ஒரு கவரில் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, "பிரிச்சீங்கன்னா தெரியும்" என்று என்னிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் சார் கவரைக் கிழித்தார். ஆறாவது வரிசை, ஒரு கை கம்பியில், ஒரு கை தாளில். நான் எதிர் சீட்டிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கத்தி வாசித்துவிடுவாரோ என்று நடுக்கம். முதல் ஆறு பதிலுக்கும் தலையை ஆட்டினார். ஏழாவதுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உதடு துடித்தது. அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சீட்டிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தார். அப்போது சரியாக வளைவு வந்தது. கன்னியப்பன் முந்தினார். பஸ் அலறியது.

"யோவ், சார் ரெண்டு கையும் விட்டுட்டாருய்யா!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார் கன்னியப்பன்.

சார் தாளை என்னிடம் நீட்டினார். ஏழாவது கேள்வி: பணம் இருபது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்? அ, ஆ, இ, ஈ, நான்கையும் செல்வி அடித்துவிட்டிருந்தாள். பக்கத்தில் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: என் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன்.

பாபு எட்டிப் பார்த்தான். "இன்னா சார் எழுதியிருக்கு, படிங்க படிங்க" என்றான். எல்லோருடைய பயத்தையும் பஸ்ஸுக்கே வாசித்துக் காட்டிய அந்த மனிதர், தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "அது குடும்ப ரகசியமுங்க" என்றார். அவர்மேல் அன்பு வந்தது என்று சொன்னால் அது அன்றைக்குத்தான்.

செல்விக்கு அவர் எழுபது போட்டுக் கொடுத்தார். எழுபது ஷேர் ஃபண்டில், இருபது டெபாசிட்டில், பத்து தங்கத்தில். மிச்சமிருந்த பணம் அவள் பெயருக்கு மாறியது. பாஸ்வேர்டு அவளிடம். எனக்கு என்ன சதவீதம் என்று கேட்டேன். "நீங்க மாசா மாசம் சம்பளத்துல ஒரு பங்கை அவங்க கையில குடுங்க. அதோட நிறுத்திக்குங்க" என்றார்.

சில வருடங்களில் அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டார். பி.எஃப். பணத்தை எத்தனையாகப் பிரித்தாரோ! அவர் சீட்டில் புதுப் பையன் ஒருத்தன் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டு வந்தான். கம்பி சும்மா கிடந்தது.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அவரை அழைத்தோம். பத்து வருடம் என்று சொன்னவளுக்குப் பதினொன்று ஆனது. பத்திரம் அவள் பெயரில். சார் ரயிலில் வந்தார், மனைவி பஸ்ஸில். ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம், இரண்டிலும் சுவர்க் கடிகாரம். தலை முழுக்க நரைத்திருந்தது. மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறி, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். நான் சாப்பாட்டுக்கு அழைக்கப் போனபோது சமையலறை வாசலில் செல்வியிடம் பேசிக்கொண்டிருந்தார். பழைய பஸ் பழக்கம், அதே கத்தல்.

"நடுவுல ரெண்டு தடவை படுமோசமா விழுந்துச்சே, அப்ப என்னங்க பண்ணுனீங்க?"

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"மெதுவா சார். அவரு இங்கதான் நிக்கறாரு."